வெள்ளிக்கிழமைக்குள் மூன்று சோகங்கள்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் எரிச்சல். உயர்ந்த காரணம் எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு, அதாவது 1999 ஜனவரியில், என் மூன்று கதைகளை முகம் தெரியாத ஓர் அமெரிக்கக்காரனிடம் பறிகொடுத்தேன். அவற்றுக்கான பணம் இன்றுவரை வரவில்லை. மிச்சம் இருப்பது இந்த ஒரு கதைதான். இதுவும் என்னுடையதல்ல. அடுத்த வீட்டு ஆரோக்கிய ஷீலாவுடையது.

என் பெயர் தேனம்மை. காரைக்குடியில் செக்காலைப் பக்கம் குடியிருக்கிறேன். பகுதிநேர நூலகர் வேலை. சிறுபத்திரிகைகளில் இதுவரை பதினொரு கதைகள் வந்திருக்கின்றன. சன்மானமாக ஒவ்வொரு முறையும் இரண்டு பிரதி அனுப்புவார்கள், ஒன்றில் அட்டை கிழிந்திருக்கும். எழுதிச் சம்பாதிப்பது பற்றி என் அனுபவம் அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கு முதலில் எழுதிய தொடக்கம்:

"வெங்காயம் கிலோ நாற்பது ரூபாய்க்கு விற்ற அந்த ஐப்பசி மாதத்தில், ஷீலா டீச்சர் வெங்காயம் இல்லாமலே சாம்பார் வைக்கப் பழகியிருந்தாள்."

ஷீலாவிடம் காட்டினேன். "ஆச்சி, அப்ப எல்லாரும்தான் வெங்காயம் இல்லாம வச்சாக. நீங்களுந்தான் வச்சீக. இதுல நான் எங்குட்டு இருக்கேன்?" என்றாள். நியாயம். விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை உலகத்தைச் சுற்றிப் பின்னப்பட்டு, அதன் ஒரு நுனி காரைக்குடியில்..."

இதைப் பாதியில் நிறுத்தியது பூமிநாதன். பழைய பேருந்து நிலையம் பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்து, போன வருடம் அதையே பிரவுசிங் சென்டராக மாற்றியவர். "கண்ணுக்குத் தெரியாம என்னத்த ஆச்சி, கறிக்கடை வாசல்ல போற போன் வயர்தான். மழை பேஞ்சா போச்சு" என்றார்.

ஆக, தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

2

ஷீலாவுக்கு முப்பத்தாறு வயது. தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறாள். கணவர் ஜோசப் ராஜ் லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க். இரண்டு பெண் குழந்தைகள். இரண்டு சம்பளமும் வருடத்துக்கு ஒருமுறை ஏறும், அதுவும் நிர்வாகத்துக்கு மனமிருந்தால். துவரம்பருப்பும் பால்காரரும் வீட்டுக்காரரும் யாருடைய மனத்தையும் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. ஷீலா மாலையில் டியூஷன் எடுத்துப் பார்த்தாள். பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதே பருப்புதானே? மூன்றாம் மாதம் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள்.

போன வருடம் ஆயுதபூஜை விடுமுறைக்கு அவள் தம்பி செல்வின் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர். ஒரு துண்டுக் காகிதத்தில் இணைய முகவரி ஒன்றை எழுதிக் கொடுத்து, "அக்கா, உன் இங்கிலீஷை இந்த ஊர்ல வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? இதுல எழுதிப் போடு. டாலர்ல தருவாங்க" என்றான்.

வேலை இதுதான். அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சோம்பல். அவர்களிடம் ஒருவன் பணம் வாங்கிக்கொண்டு, உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறவரை எழுதவைத்து அனுப்புவான். கிரெக் என்று கையெழுத்திடுவான். கட்டுரைக்கு மூன்று டாலர்.

(மூன்று டாலர் என்றால் ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ரூபாய். பூமிநாதன் கடையில் மணிக்கு அறுபது. ஷீலா வீட்டில் பேனாவால் எழுதி, பள்ளி விட்டதும் போய்த் தட்டச்சு செய்வாள். அனுப்பப்போகும் நேரம் பார்த்து லைன் அறுந்துபோகும். மறுபடி மதுரைக்குப் போன் போட்டு இணைப்பைப் பிடிக்கிற வரைக்கும் காசு ஓடும். டாலர் செக் வந்தால் பாங்கில் வசூலுக்கு அனுப்புவார்கள், நாற்பது நாள் கழித்து, கமிஷன் போக மீதியைத் தருவார்கள். இந்த அடைப்புக்குறியை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் எப்படிப் பொறுத்தாளோ.)

ஆனாலும் டிசம்பருக்குள் பதினான்கு கட்டுரை எழுதினாள். முதல் செக் பணத்தில் பெரியவளுக்குக் கண்ணாடி வாங்கினாள்.

3

இங்கே ஒரு கதாபாத்திரச் சிக்கல் வந்தது. பள்ளியில் பார்த்து எழுதாதே என்று சொல்லிக்கொடுக்கிற டீச்சர், வெளியே பிறத்தியாருக்கு எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிறாள். வாசகர் அவளை என்ன நினைப்பார்? ஆகவே ஒரு காட்சி போட்டேன். அரையாண்டுத் தேர்வு. இரண்டு மாணவிகளின் கட்டுரைகள் ஒன்றுபோல இருக்கின்றன. ஷீலாவின் கை நடுங்க, சிவப்பு மையில் ஒரு

ஷீலா அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"அப்படி ஒண்ணும் நடக்கலையே ஆச்சி. பாத்து எழுதுன புள்ளைகளுக்கு முட்டைதான் போட்டேன். கையெல்லாம் நடுங்கல."

"உனக்கு உறுத்தலே இல்லையா ஷீலா?"

"இருந்துச்சு. அதுக்காவ நிறுத்தல. அத எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

4

டிசம்பர் நடுவில் கிரெக்கிடமிருந்து வேறு மாதிரியான வேலை வந்தது. பிரையன் என்று பதினேழு வயதுப் பையன். கல்லூரியில் சேர விண்ணப்பிக்கிறான். 'உன் வாழ்க்கையை மாற்றிய துயரம் ஒன்றைப் பற்றி எழுது' என்று கேட்டிருக்கிறார்கள். பதினைந்து டாலர். பையனைப் பற்றிய விவரத்தாளும் கூட இருந்தது. பொழுதுபோக்கு: மீன்பிடித்தல், டிரம்பெட் வாசித்தல். துயரம் என்ற இடத்தில் அவனே எழுதியிருந்தான்: 'பெரிதாக ஒன்றுமில்லை. ஒருமுறை எங்கள் நாய்க்கு உடம்பு சரியில்லை. இப்போது நன்றாக இருக்கிறது.'

ஷீலா பள்ளியிலேயே ஓய்வுப் பிரிவேளையில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். கட்டுரை இப்படிப் போகிறது.

பையன் தொலைவில் ஓர் இசைப்பள்ளியில் தங்கி டிரம்பெட் படிக்கிறான். அவன் பிறந்ததே அதற்குத்தான் என்று நினைக்கிறான். ஒருநாள் அப்பா வருகிறார். அம்மா சாகக் கிடக்கிறாள், உடனே புறப்படு என்கிறார். வழியில் பஸ் நிற்கும்போது அப்பா இறங்கிப்போய்ப் பழம் வாங்கி வந்து கொடுக்கிறார், அவன் முகத்தைப் பார்க்காமல். வீட்டுக்குப் போனால் அம்மா அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கிறாள். அவனைக் கண்டதும் மாவுக் கையோடு ஓடிவந்து, "என்னடா திடீரென்று?" என்கிறாள். அப்பா சொன்ன பொய் அம்மாவுக்கே தெரியாது. தம்பியைப் படிக்கவைக்க அவன் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அப்பா வாசலிலேயே நிற்கிறார். பையன் ஒரு நொடி அப்பாவைப் பார்த்துவிட்டு, "அங்கே எனக்குப் பிடிக்கவில்லை அம்மா, வந்துவிட்டேன்" என்கிறான். அதற்குப் பிறகு எல்லோரிடமும் அதையே சொல்கிறான்.

கிரெக் மறுநாளே பதில் போட்டான். இதுவரை வந்ததிலேயே சிறந்தது என்றான். பிரையனின் அம்மா படித்துவிட்டு அழுதாளாம்.

(அந்த அம்மா எதற்காக அழுதாள்? மகனுக்கு இப்படியொன்று நடக்கவே இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? இந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தைத் தனிக்கதையாக எழுதலாம். வேண்டாம்.)

5

புத்தாண்டு முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஷீலா நூலகத்துக்கு வந்தாள். பேப்பர் படிக்கிறவர்கள் எல்லாம் போகிறவரை காத்திருந்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"ஆச்சி, ஒங்ககிட்ட சோகம் எதுவும் இருக்கா?"

"என்னடி கேக்குறே?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு வேணுமாம். பிரையன் கட்டுரை மாதிரியே. ஒவ்வொண்ணுக்கும் பதினஞ்சு டாலர். எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்க கதை எழுதுறவுக, ஸ்டாக் வச்சிருப்பீகள்ல?"

சிரித்துவிட்டேன். "டீச்சருக்கா எழுத வராது? பிரையனுக்கு எழுதுனது மாதிரி நீயே கற்பனை பண்ணி..."

"அது கற்பனை இல்ல ஆச்சி."

பிறகு சொன்னாள். பி.ஏ. முடித்த கையோடு திருச்சிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்ததும், பதினான்கு மாதத்தில் திரும்பி வந்ததும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காரணம்தான் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். கட்டுப்பாட்டுக்கு அடங்கவில்லை என்றார்கள். கல்யாணமாகி வந்தபின் மாமியார், "மடத்துல ஒத்துப்போகாதவ வீட்டுல எப்படி ஒத்துப்போவா" என்று வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சொன்னாராம். ஜோசப் ராஜ் மட்டும் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்பா வந்து கூப்புட்டாக. அம்மாவுக்கு ரொம்ப முடியலைன்னாக. புதுக்கோட்டையில பஸ்ஸு நின்னப்ப எறங்கி ரெண்டு வாழப்பழம் வாங்கிட்டு வந்தாக. அவுக ஒண்ணுகூடத் திங்கல. மானகிரியில வந்து எறங்குனா அம்மா அதிரசம் சுட்டுக்கிட்டு இருக்கு. செல்வின் இன்ஜினியரிங் சேரணும். நான் வேலைக்குப் போனாத்தான் ஃபீஸ் கட்ட முடியும். என்னைய நேராக் கேட்டிருந்தா நானே வந்திருப்பேன் ஆச்சி. கேக்கல. பொய் சொன்னாக. அம்மாவுக்கு அது தெரிஞ்சிருந்தா அன்னைக்கோட அப்பா மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டாக. அதான் எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிட்டேன்."

"செல்வினுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச அப்பாவும் போய்ச் சேந்துட்டாக. மடத்தை டிரம்பெட் ஆக்குனேன், அம்புட்டுத்தான் நான் பண்ணுன கற்பனை." காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு சோகம் ஆச்சி. அதையும் வித்துட்டேன். அடுத்ததுக்கு எங்குட்டுப் போறது?"

அந்த நேரத்தில் நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். இதைத் திருத்தி எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். உண்மையில் என் வாயில் வந்தது இதுதான்:

"பதினஞ்சுல எனக்கு எவ்வளவு தருவே?"

6

பத்து என்று பேசி முடித்தோம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். ஆனால் என் வீட்டிலும் அரிசி தானாக வந்துவிடுவதில்லை.

அச்சாகாமல் என்னிடம் கிடந்தவை மூன்றே கதைகள். மூன்றையும் எடுத்தேன். முதலாவது, கொத்தமங்கலத்தில் பங்காளிகள் சேர்ந்து விற்ற ஒரு வீட்டில், நிலைக்கதவோரம் பென்சிலால் குறித்திருந்த பிள்ளைகளின் உயரக் கோடுகளைக் காகிதத்தில் படியெடுத்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றியது. இரண்டாவது, திக்குவாயுள்ள ஒருவன் மேடையேறிப் பேசப் போனது. மூன்றாவது என் சொந்தக் கதை. அது என்ன என்று இங்கே சொல்லவில்லை. விற்றாகிவிட்டது. இப்போது அது சிகாகோவில் யாரோ ஒரு பையனுக்கு நேர்ந்தது.

நான் தமிழில் சொல்லச் சொல்ல ஷீலா ஆங்கிலத்தில் எழுதினாள். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. வியாழக்கிழமை அனுப்பினோம். லைன் நான்கு முறை அறுந்தது.

திங்கட்கிழமை பதில் வந்தது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் சோகம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்க்கவும்.

நாற்பத்தெட்டு வயதில், பூமிநாதன் கடை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதை ஷீலாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இருபது வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காம் முறை எழுதிப் பூட்டிவைத்த விஷயம். அது போதவில்லையாம்!

"என்ன போடலாம் ஆச்சி?" என்று ஷீலா மெதுவாகக் கேட்டாள்.

"அவன் வீட்டு நாயையும் சேத்துச் சாகடிச்சிரு" என்றேன்.

சாகடித்தோம். மிக நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது.

பிப்ரவரி முழுவதும் செக்குக்காகக் காத்திருந்தோம். ஷீலா வாரம் இரண்டு முறை போய் மெயில் பார்த்தாள். மார்ச் மாதம் அவள் அனுப்பியவையெல்லாம் அப்படியே திரும்பி வந்தன. முகவரியைத் தட்டினால் பக்கமே இல்லை என்றது. ஆளையும் காணோம், கடையையும் காணோம். யாரைப் போய்க் கேட்பது? எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய், எங்கள் சோகங்களைத் திருடிவிட்டான் என்று எழுதிக்கொடுப்பது?

"மெயில் வந்தாலும் வராட்டியும் மணிக்கு அறுபதுதான் ஆச்சி, தப்பா நினைக்காதீக" என்றார் பூமிநாதன். தப்பாகத்தான் நினைத்தேன்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஏமாந்த இரண்டு பெண்கள், எகிறிய விலைவாசி, ஓடிப்போன அமெரிக்கன். ஒரு பத்திரிகைக்கு அப்படியே அனுப்பவும் இருந்தேன். ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு ஜோசப் ராஜ் வந்தார்.

காலைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார். அதிகம் பேசாதவர். ஆங்கிலம்-தமிழ் அகராதி இருந்தால் நாலு நாளைக்கு வேண்டும் என்றார்.

"எதுக்குத் தம்பி?"

"ஷீலா பையில ஒரு பிரின்ட் அவுட்டு கெடந்துச்சு ஆச்சி. அமெரிக்காவுக்கு எழுதுனதுல ஒண்ணு போல. எங்க வீட்டுக்காரி அப்படி என்னதான் எழுதுறான்னு பாப்போமேன்னு."

எந்தக் கட்டுரை என்று அவர் கையிலிருந்த காகிதத்தின் முதல் வரியிலேயே தெரிந்தது. அகராதி இல்லை என்று சொல்லியிருக்கலாம். நூலகரிடம் அகராதி இல்லை என்றால் யார் நம்புவார்? எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளே ஷீலாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும் ஆச்சி. தெனமும் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒக்காந்து பென்சிலால அர்த்தம் குறிக்கிறாக" என்றாள். பிடுங்கி வைத்துவிடவும் இல்லை, ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை காலை அகராதியை வாங்கிவர அவர்கள் வீட்டுக்குப் போனேன். (அகராதி எனக்கு அன்றைக்குத் தேவைப்படவில்லை. உங்களிடம் எதற்குப் பொய்?) ஷீலா தரையில் அமர்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜோசப் ராஜ் காகிதத்தைக் கையில் வைத்திருந்தார். வரிகளுக்கு இடையில் பென்சில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. டிரம்பெட்டுக்கு மேலே 'எக்காளம்' என்று எழுதியிருந்தார்.

"படிச்சு முடிச்சிட்டேன் ஆச்சி. நாலு நாளாச்சு."

"எப்படித் தம்பி இருந்துச்சு?"

அவர் காகிதத்தை ஒருமுறை புரட்டினார். பிறகு ஷீலாவைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் பய நெசமாவே இருக்கானா ஷீலா?"

"இருக்கான்."

"அவுக அப்பா பண்ணுனது தப்பு." குரலில் கோபம் இருந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "கஷ்டம் எல்லா வீட்டுலயுந்தான் இருக்கு. அதுக்காவ பெத்த புள்ளையக் கூப்புட ஒரு பொய்யா? எம்புட்டு ஆசையாப் படிச்சுக்கிட்டு இருந்திருப்பான்..."

ஷீலாவின் கை நின்றுவிட்டது. கத்தி ஒரு பீன்ஸின் நடுவில் இருந்தது. பதினான்கு வருடத்தில் 'தப்பு' என்ற அந்த வார்த்தையை முதன்முதலாக ஒருவர் சொல்லக் கேட்கிறாள். யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"பாவம், ஒருத்தர்ட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அவன்?" என்றார்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் ஷீலா.

பீன்ஸை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பாதிதான் நறுக்கியிருந்தாள். ஜோசப் ராஜ் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் புறப்பட்டார்.

8

முடிவுக்கு வருகிறேன். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அன்று மாலையே ஷீலா அவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் அழுகிறார். இவளும் அழுகிறாள். கிரெக் இதைப் பார்த்திருந்தால் பதினைந்து டாலர் கொடுத்திருப்பான். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: அவருக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்படிப் பேசினார். இதை எழுதியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அவர் முகத்தை நேரில் பார்த்தவள் நான். அவருக்குத் தெரியாது.

முடிவு இ: ஷீலா கடைசிவரை சொல்லவே இல்லை. வருடங்கள் செல்ல, இரு மகள்களும் வளர்ந்து

மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் ஷீலாவிடம் கொடுத்தேன். ஜூலை மாதம், பள்ளி திறந்துவிட்டது. நிர்வாகம் அவளுக்கு எழுபத்தைந்து ரூபாய் ஏற்றியிருந்தது, பஸ் கட்டணம் கூடுமோ என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கதையையும் படித்தாள். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினாள்.

"பேரெல்லாம் மாத்திடுறேன் ஷீலா. ஊரையும் மாத்திடுறேன். யாருக்கும் தெரியாது" என்றேன்.

"மாத்தாதீக."

"என்னடி சொல்றே? ஜோசப் தம்பி படிச்சா?"

"படிக்கட்டும்." காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். "மூணு மாசமா வாயத் தொறந்து தொறந்து மூடுறேன் ஆச்சி. வரமாட்டேங்குது. அன்னைக்கு அவுகளே கேட்டாகள்ல, ஒருத்தர்ட்டயாவது சொல்லியிருக்கலாமேன்னு. நீங்க எழுதுனத அப்படியே போடுங்க. தமிழ்ல வந்தா அவுகளுக்கு அகராதி வேணாம்."

"மானகிரிக்கும் தெரிஞ்சிரும். ஒங்க அம்மா இருக்காக. செல்வின் இருக்கான்."

அதை அவள் யோசிக்காமல் இல்லை. "எங்க அப்பா கெட்டவுக இல்ல ஆச்சி. அதையும் ஒரு வரி போட்ருங்க" என்றாள்.

போட்டுவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை.

அப்புறம், முடிவுகள் எழுதியிருந்த பக்கத்தை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இது எதுவும் வேணாம்" என்றாள்.

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. பொதுவாக இந்த இடத்தில் எழுதுகிறவர்கள் வாசகரிடம் பொறுப்பைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். நீங்களும் அதற்குத் தயாராக இருப்பீர்கள். மன்னிக்கவும், இது உங்களுக்கு இல்லை. உங்களில் ஒருவருக்கு மட்டும்.

பத்திரிகைக்காரர்கள் அனுப்பும் இரண்டு பிரதியில் நல்லது ஒன்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜோசப் ராஜ் தம்பி, படித்து முடித்திருப்பீர்கள். ஷீலா அடுப்படியில் வேலையாக இருப்பாள், இல்லாவிட்டால் வேலையாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருப்பாள். அவசரம் ஒன்றுமில்லை. எழுந்து போங்கள். அடுத்து வரவேண்டிய வாக்கியம் உங்களுடையது. என்ன சொன்னீர்கள் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் எழுதிவிடுவேன்.